இரண்டு கேன் பாலும் சும்மா நின்ற சக்கரமும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் அடித்த மழை ஓய்ந்து, முகத்தில் ஒட்டுகிற மாதிரி தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. உசிலம்பட்டியைத் தாண்டி, ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே, ஓடைப் பள்ளத்தில் எங்கள் பால் வண்டி மாட்டிக்கொண்டது. இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. அது நன்றாகவே உறுமியது. இடது பின்சக்கரம் சேற்றை வாரி அடித்தபடி காற்றாடியாகச் சுற்றியது. வலது பின்சக்கரம் கெட்டித் தரையில் நின்றுகொண்டு, ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல், வேடிக்கை பார்த்தது.

நான் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது எழுபத்தொன்று. வீடு மதுரை விளாங்குடியில். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. ஆராதனை நடுவில் சர்ச்சின் மின்விசிறிகளை எண்ணி, மனைவியிடம் முழங்கையால் இடி வாங்கியிருக்கிறேன். வண்டி அவளுடைய தம்பியுடையது. என்னைவிடப் பதினாறு வயது இளையவன். அவன் ஊர் ஊராகப் போய்ப் பாலை எடுத்து, குளிரூட்டும் நிலையத்தில் சேர்ப்பவன். வாரத்தில் மூன்று நாள் நானும் கூடப் போவேன். கேன்களை எண்ணி ஏற்றுவது என் வேலை. வீட்டில் இருந்தால் அவன் எங்கே போகிறான், என்ன ஆனான் என்று கவலைப்பட்டுக்கொண்டே இருப்பேன் என்பதால், 'கவலையை வண்டியிலயே உக்காந்து படுங்க' என்று மனைவியே அனுப்பி வைத்தாள்.

இந்த ஓடையில் பழைய வண்டியும் இரண்டு தடவை மாட்டியிருக்கிறது. சக்தி போதவில்லை என்று அதைக் கொடுத்துவிட்டு, நூற்றைம்பது குதிரைத்திறனுக்கு மேல் உள்ள டீசல் பிக்கப்பை மச்சினன் வாங்கினான். "மச்சான், இது மலையவே இழுக்கும்" என்றான். பழைய வண்டியின் சக்கரம் சேற்றில் நாலு விரல்தான் புதைந்தது. இது ஒரு முழு ஜாண் புதைந்தது. சக்தி கூடியதில் எங்களுக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

ஓடைக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. ஒரு காலத்தில் பிறர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள். இப்போது ஆளுக்கு ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கிறார்கள். அவர்கள்தான் ஓடிவந்து தள்ளினார்கள். சக்கரத்துக்கு அடியில் சாக்கைப் போட்டார்கள், தென்னை மட்டையைப் போட்டார்கள். சக்கரம் எல்லாவற்றையும் அரைத்துப் பின்னால் துப்பியது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்று தள்ளினார். முகம் முழுக்கச் சேறு.

எனக்குப் பதற்றம் தலைக்கேறிவிட்டது. ஏழே முக்காலுக்குள் பால் நிலையத்தில் இருக்க வேண்டும். பதற்றம் வந்தால் எனக்கு வாயில் கணக்குத்தான் வரும். மச்சினனைப் பார்த்து, "மொத்தம் இருபது கேன். இந்தப் பக்கத்திலிருந்து வருவது இரண்டு. இரண்டு கேனுக்காகப் பதினெட்டைப் பணயம் வைக்கிறாய், மாப்ள. மழைக்காலம் முடியும்வரை இங்கே வராமல் இருந்தால் என்ன?" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் தள்ளுவதை நிறுத்தினார்கள். அந்தப் பெண் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"ரெண்டு கேனுதான் சார். எங்களுக்கு அம்புட்டும் அதுதான்" என்றார். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "என்ன வாயப் பாக்குறீங்க, தள்ளுங்கடா" என்றார்.

கடைசியில் ஒரு டிராக்டர் வந்துதான் இழுத்தது. நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு இருபது. ஒவ்வொரு கேனிலும் கொஞ்சம் எடுத்துக் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். ஐந்து கேன் திரிந்துவிட்டது. நிலையத்து அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் நான் சொன்னதையேதான் சொன்னார்: மழை முடியும்வரை ஓடைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம், பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் வாயிலிருந்து வந்தபோது நியாயமாகப் பட்ட அதே கணக்கு, அவர் வாயிலிருந்து வந்தபோது அநியாயமாகப் பட்டது. பொங்கல்வரை அந்த மாடுகள் கறக்காமல் இருக்குமா?

மச்சினன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நான்தான், என்னையும் அறியாமல், "கார்த்திகை பிறக்கும்வரை பொறுங்கள் சார், வண்டியைச் சரி செய்துவிடுகிறோம்" என்று சொன்னேன். அவரும் சரி என்றார். அதன் பிறகும் ஒரு நாள் தாமதமானால் அந்தக் குடியிருப்பைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன் என்று சேர்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் மச்சினன் கேட்டான்: "எதை மச்சான் சரி பண்றதாச் சொன்னீங்க?"

எனக்கே தெரியவில்லை. நல்ல இன்ஜின், நல்ல வண்டி. அதில் எது கெட்டிருக்கிறது என்று சரி செய்வது?

அன்று மாலையே விசாரிக்க ஆரம்பித்தேன். பின்சக்கரங்களுக்கு நடுவில், கனத்த குண்டு போலத் தெரிகிற பெட்டிக்குள் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைவாகப் போக வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கிறது. வட்டத்தின் சுற்றளவைப் பாடம் நடத்தியவனுக்கு இது உடனே பிடித்துப்போனது. ஆனால் அதில் ஒரு கோளாறு. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ, சுற்றல் முழுவதும் அதற்கே போய்விடும். வகுப்பில் ஒருவன் துள்ளிக்கொண்டிருந்தால் வாத்தியாரின் நேரம் முழுவதும் அவனுக்கே போகிற மாதிரி. ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறவனை யாரும் கேட்பதில்லை. எங்கள் வலது சக்கரம் சும்மா நின்றது இதனால்தான்.

இதற்கு மருந்து, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் துள்ளினால் அதை அடக்கி, மற்றதற்கும் பங்கு கொடுக்கிற வகை. எங்கள் வண்டியோடு அது வரவில்லை. வெளியில் வாங்கித்தான் பொருத்த வேண்டும்.

ஒரு பட்டறையில் கேட்டோம். "அதெல்லாம் எதுக்குண்ணே? உள்ள வெல்டு அடிச்சு விட்ருவோம். ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தும்" என்றார் மெக்கானிக். வளைவில் எப்படித் திரும்பும் என்று கேட்டேன். "திரும்பும்ணே. கொஞ்சம் கத்தும்" என்றார். மதுரைக்குள் வண்டி ஒரு நாளைக்கு எத்தனை வளைவு திரும்புகிறது என்று நினைத்துப் பார்த்தேன். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன். இன்னொருவர், பொத்தானை அழுத்தினால் இரண்டு சக்கரத்தையும் பூட்டிவிடுகிற வகை ஒன்றைச் சொன்னார். மச்சினன் பூட்டிவிட்டுத் திறக்க மறப்பான். வீட்டுக் கேட்டையே அப்படித்தான் வைத்திருக்கிறான்.

மிஞ்சியது இரண்டு வகை. ஒன்று, உள்ளே உராய்வுத் தட்டுகளை அடுக்கி, சுருள்வில் வைத்து இறுக்கியது. இன்னொன்று, முழுக்கப் பல்சக்கரங்களால் ஆனது. தட்டு தேயும், பல் தேயாது. எனக்குப் பல்சக்கர வகைதான் பிடித்தது. ஆனாலும் திருப்தி வரவில்லை. சென்னைக்குப் போன் செய்தேன், கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். விலை, எடை, உத்தரவாதம், எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் திட்டுகிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. மச்சினன் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இம்புட்டு விசாரிக்கலயே மச்சான்!" என்றான். "விசாரிச்சிருந்தா உன்னய மச்சினனா வச்சிருப்பாராடா?" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அந்த மூன்று வாரமும், மழை பெய்த நாட்களில் நாங்கள் ஓடையில் இறங்கவில்லை. குடியிருப்புக்காரர்கள் கேன்களைச் சைக்கிளில் கட்டி, வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு கரைக்கு வந்து கொடுத்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "வாங்க சார்" என்று மட்டும் சொல்வார். நான் கேன் மூடியைத் தேவைக்கு மேல் இறுக்கிக்கொண்டிருப்பேன்.

கடைசியில் மதுரை டவுனுக்குள், உதிரிபாகக் கடைகள் உள்ள ஒரு சந்தில், இந்த இரண்டு வகையும் வைத்திருக்கிற கடை ஒன்று கிடைத்தது. முதலாளி ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடி நெற்றியில், போன் தோளில். நான் பதினோராவது கேள்வியைக் கேட்டபோது போனை வைத்தார்.

"சார், சாமான் வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?"

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க பதில் சொல்லுங்க. வண்டி மாட்டுற எடத்துல அந்தச் சக்கரத்துக்குக் கீழ என்ன இருக்கு?"

"கூழ் மாதிரி சேறு. பிடியே கிடையாது."

"நீங்க கேக்குற பல்சக்கர டைப் நல்ல சாமான்தான். ஆனா அது வழுக்குற சக்கரத்துக்கு எம்புட்டுப் பிடி இருக்கோ, அதப்போல ரெண்டு மடங்கு, மூணு மடங்குதான் மத்ததுக்குக் கொடுக்கும். தார் ரோட்டுல பிரமாதம். உங்க சேத்துல பிடியே இல்லங்குறீங்களே?"

எனக்குச் சுருக்கென்றது. சைபரை மூன்றால் பெருக்கினால் சைபர். மூன்றாம் வகுப்புப் பாடம். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மூணு வாரம் கணக்குப் போட்டு சைபர வாங்கவா மச்சான் வந்தோம்?" என்றான் மச்சினன்.

தட்டு வகைதான் எங்களுக்கு ஏற்றது என்றார் அந்த அம்மா. வில் எப்போதும் இறுக்கிக்கொண்டே இருப்பதால், ஒரு பக்கம் பிடியே இல்லாவிட்டாலும் மறுபக்கத்துக்குக் கொஞ்சம் சக்தி போகும். நல்ல கம்பெனி பெட்டி ஒன்றையும், அதே மாதிரி தோற்றத்தில் பாதி விலைக்கு வருகிற பெட்டி ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். இரண்டுக்கும் தட்டு மட்டும் தனியாக, பிற்பாடு கிடைக்குமா என்று கேட்டால் போதும் என்றார். முதலாவதற்குக் கிடைக்கும். இரண்டாவதற்குக் கிடைக்காது. "தேயுற சாமானுக்கு மாத்துச் சாமான் விக்காதவன், தேஞ்சா தூக்கிப் போடுன்னு சொல்றான்னு அர்த்தம் சார்." நான் தொலைபேசியில் கேட்ட அத்தனை கேள்விகளிலும் இது இல்லை.

சரி, முதலாவதையே கொடுங்கள் என்றேன். அவர் பெட்டியை மூடினார்.

"பின்னாடி ரெண்டு டயரும் ஒரே அளவா?"

மச்சினன் கூரையைப் பார்த்தான். அந்த வருடச் சித்திரையில் இடதுபக்க டயர் தேய்ந்தபோது, செலவைக் குறைக்க அதற்கு ரீட்ரெட் போட்டிருந்தான். பழைய டயரின் மேலேயே புதுப் பட்டையை ஒட்டித் தருவார்களே, அது. வலது பக்கம் தேய்ந்த டயர். எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

"அப்ப நான் தர மாட்டேன்" என்றார் அந்த அம்மா. டயர் உயரம் வேறுபட்டால், நேர் ரோட்டிலும் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். தட்டுகள் ஓய்வே இல்லாமல் உராய்ந்து, ஆறு மாதத்தில் தீய்ந்துபோகும். "அப்புறம் என் கடைச் சாமான் டூப்ளிகேட்டுன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. போய் அளந்து பாத்துட்டு வாங்க."

கையில் பணத்தோடு நிற்கிறவனைத் திருப்பி அனுப்புகிற கடையை அன்றுதான் பார்த்தேன். வீட்டு வாசலில், டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் அளந்தேன். ஒரு சுற்றுக்கு ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். உலகத்தில் எல்லாவற்றையும் எண்ணுகிறவன், ஆறு மாதமாக ஏறி உட்கார்ந்து போகிற வண்டியின் டயரை அளக்கவில்லை. மறுநாள் இரண்டு புது டயர் வாங்கினோம். அந்த அம்மா அவற்றையும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் பெட்டியை எங்களிடம் கொடுத்தார்.

வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பட்டறையில் பொருத்தினோம். ஆக்ஸிலை வெளியே இழுத்ததும், அதன் முனையில் உள்ள பற்களையும் புதுச் சாமானின் பற்களையும் நான் எண்ணிச் சரிபார்த்தேன். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். எல்லாம் முடிந்து, வழக்கமாக ஊற்றுகிற கியர் ஆயிலை எடுத்துச் சாய்க்கப்போனபோது நான் கையைப் பிடித்துவிட்டேன். பெட்டியில் இருந்த தாளை இரண்டு தடவை படித்திருந்தேன். இந்தத் தட்டுகளுக்கென்று தனி ஆயில். வேறு ஊற்றினால் தட்டு விக்கி விக்கிப் பிடிக்கும். "எல்லாம் ஒரே ஆயில்தான் பெருசு" என்றார் மெக்கானிக். நான் கையை எடுக்கவில்லை. மச்சினன் டவுனுக்குப் போய் அந்த ஆயிலை வாங்கி வரும்வரை அப்படியே ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தேன். கவலைப்படுகிற சுபாவத்தால் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான், அதனால் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருந்தது. புதுத் தட்டுகள் ஆயிலில் ஊறிப் பதமாக, காலி மைதானத்தில் வண்டியை மெதுவாக எட்டு வடிவத்தில் சுற்ற வேண்டும். பட்டறைக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருந்தது. ஆறாவது எட்டில் மச்சினனுக்குத் தலை சுற்றியது. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன்.

நம் ஊரில் ஒருவன் மைதானத்தில் எட்டுப் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீக்கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "இந்த வயசுல லைசென்ஸ் எடுத்துத் தாத்தா எங்க போகப்போறாரு?" "ஒடிச்சுத் திருப்புங்க, ஒடிச்சுத் திருப்புங்க!" "அவரத் தொந்தரவு பண்ணாதீங்கய்யா, எண்ணிக்கிட்டிருக்காரு." எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வழியில் போன ஒரு போலீஸ்காரர் பைக்கை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் தட்டி, "போதும் சார், பாஸு பாஸு! கீழ எறங்குங்க!" என்றார். கூட்டம் கைதட்டியது. மச்சினன் மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். நான் மிச்சம் இருந்த நாலு எட்டையும் போட்டு முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் விடிய விடிய மழை. ஓடைக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். பள்ளத்தில் சேறு ஐப்பசியில் இருந்ததைவிட அதிகம். மச்சினன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"சொல்லுங்க மச்சான். எறங்கவா, திரும்பவா?"

பின்னால் பதினெட்டுக் கேன். மாட்டினால் இன்றோடு அந்தக் குடியிருப்பு போச்சு. திரும்பினால் அவர்களே சுற்றி வந்து கொடுப்பார்கள், யாரும் எங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். அக்கரையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மாதிரி ஒரு டார்ச் அசைந்தது. அவர்கள் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இறங்கு" என்றேன்.

வண்டி இறங்கியது. இடது சக்கரம் சேற்றில் விழுந்து, வண்டியே ஒரு பக்கம் சாய்ந்தது. சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. இரண்டாவது சுற்றும் வழுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது எனக்குக் கீழே, வலது பக்கம் எதையோ பிடித்துக்கொண்டு எழுவது போல ஒரு உதறல். வண்டி முனகிக்கொண்டு, ஒரு முழம், இரண்டு முழம் என்று நகர்ந்து, மேட்டில் ஏறி நின்றது. மச்சினன் ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தான், மாட்டைத் தடவுகிற மாதிரி.

அந்தப் பெண் சைக்கிளில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சை எங்கள் பின்சக்கரத்தில் அடித்தார். இடது சக்கரம் முழுக்கச் சேறு. வலது சக்கரமும் முழுக்கச் சேறு.

"என்ன சார், சும்மா நின்னவனையும் இன்னைக்கு வேலை வாங்கிட்டீங்க போல" என்றார்.

"ரெண்டு கேன்தானே?" என்று கேட்டேன்.

"ரெண்டேதான். எண்ணிக்கங்க" என்று சிரித்தார். அவரே ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினேன். ஏழு இருபதுக்கு நிலையத்தில் இருந்தோம். ஒரு கேனும் திரியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்பை எடுப்பதைப் பற்றி அதிகாரி பேசவே இல்லை. இந்த மழைக்காலத்திலும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

செலவில் பெரும்பகுதி என் சேமிப்பிலிருந்து போனது. இரண்டு கேன் பாலின் ஏற்றுகூலியில் அந்தப் பணம் எத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்று மச்சினன் அவ்வப்போது என்னைச் சீண்டுவான். ஒரு தாளும் பேனாவும் எடுத்தால் ஐந்து நிமிட வேலை. எதைப் பார்த்தாலும் எண்ணுகிற நான், அந்த ஒரு கணக்கை மட்டும் இன்றுவரை போட்டுப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் டயர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ஆன மொத்தச் செலவுதான்: தொண்ணூற்று ஆறாயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.